உள்ளூர்க்காரர் வழி சொல்லும் அடையாளங்கள்: சதுரங்கப்பட்டினம் முதல் உவரி வரை

கேள்வி இது: "சென்னையிலிருந்து கடலோரமாகவே தெற்கே ஐந்து நாள் காரில் போக நினைக்கிறோம். 68 வயது அம்மாவும் பத்து வயதுப் பையனும் உடன் வருகிறார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, ராமேசுவரம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கூட்டம் இல்லாத சின்ன ஊர்கள், அங்கே மட்டுமே பார்க்கக்கூடிய ஏதாவது விசித்திரம் இருக்கிற ஊர்களாகச் சொல்லுங்கள்."

முதலில் ஊர்களைச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கப்பட்டினம், தரங்கம்பாடி, கோடிக்கரை, மனோரா, மணப்பாடு, உவரி. இதே வரிசையில் போங்கள். பழவேற்காட்டை இதில் சேர்க்கவில்லை. அது சென்னைக்கு வடக்கே இருப்பதால் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கரையில் நான் பல வருடங்களாகப் போய் வருகிறேன். ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் ஏதாவது ஓர் இடத்துக்கு வழி கேட்பேன். அவர்கள் எதை அடையாளமாக வைத்து வழி சொல்கிறார்களோ, அதை முதலில் போய்ப் பார்ப்பேன். "கப்பல் கோயில் தாண்டி லெஃப்ட்", "எலும்புக்கூடு கல்லறைக்குப் பக்கத்துல" என்பார்கள். சுற்றுலாப் பட்டியலில் 'பீச்' என்று போட்டிருக்கும். மணல் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. ஊர்க்காரர் வாயில் தினமும் புழங்குகிற அடையாளம் அந்த ஊருக்கு மட்டுமே உரியது. பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு பழைய துறைமுகமோ, வியாபாரமோ, வழிபாடோ இருக்கும்.

சதுரங்கப்பட்டினம் கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது. காலையில் சென்னையில் கிளம்பினால் டிபன் நேரத்துக்குப் போய்விடலாம். டச்சுக்காரர்கள் மெல்லிய துணி வாங்கிக் கப்பலேற்றிய ஊர். செங்கல் கோட்டையின் சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1782 பிப்ரவரியில் இந்தக் கரைக்கு நேரே கடலில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் பீரங்கிச் சண்டை போட்டன. உள்ளே பார்க்க வேண்டியது கல்லறைகள்தான். பூட்டியிருந்தால் காவலரிடம் கேளுங்கள், திறந்துவிடுவார். தரையோடு படுத்திருக்கும் கருங்கல் பலகைகளில் குலச்சின்னமும் பூவேலையும் எழுத்தும் அவ்வளவு கூர்மையாக இருக்கின்றன. முந்நூறு வருட உப்புக்காற்று அந்த எழுத்தை ஒன்றும் செய்யவில்லை. பையனை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கால் மணி நேரம் போதும். நேரம் இருந்தால் கடப்பாக்கம் பக்கம் திரும்பி, கழிமுகத்தை ஒட்டி இடிந்து கிடக்கும் ஆலம்பரைக் கோட்டையை எட்டிப் பாருங்கள். 1760-இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை அது. மதிய வெயிலில் வேண்டாம், நிழலே கிடையாது.

அன்று இரவு தரங்கம்பாடி. இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு இரவு தங்குங்கள்.

தரங்கம்பாடியைப் 'டேனிஷ் கோட்டை' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கோட்டை முக்கியம்தான். 1620-இல் ஓவே யெட்டே என்ற டேனிஷ் தளபதி, தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845-இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு. கிளம்புவதற்கு முன்பே எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் உங்களை முதலில் போகச் சொல்வது கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஐ ஒட்டிக் கட்டிய கோயில். கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. தரங்கம்பாடி, டேனிஷ்காரர் வாயில் டிராங்கேபார் என்பதெல்லாம் பிறகு வந்தவை. இந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதமுள்ள பகுதியைக் காப்பாற்றக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். கோயில் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே அந்தப் பாறைகள் மட்டும்தான். அலை வந்து பாறை இடுக்கில் புகுந்து 'கொளக்' என்று ஒரு சத்தம் போட்டுத் திரும்பும். எழுநூறு வருடத்துக்கு முன் இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் கடல் இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஊரில் வயதானவர்களைக் கேட்டால், கரை முன்பு எவ்வளவு தூரம் உள்ளே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். 2004 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாட்டையும் அவர்களே சொல்வார்கள். நீங்களாகத் தோண்டிக் கேட்காதீர்கள்.

அடுத்து அச்சு. சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கினார். தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். "தமிழில் முதல் அச்சுப் புத்தகம் தரங்கம்பாடியில்தான்" என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் அச்சேறிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. அச்சு வேலையை இங்கேயே நிலையாக வேர்விடச் செய்தார்கள். கப்பலில் வரும் காகிதம் போதவில்லை என்று பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். பட்டறை என்றோ போய்விட்டது. அந்த இடத்துக்குக் 'கடுதாசிப்பட்டறை' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. பொறையாறில் யாரையாவது கேட்டுப் போய்ப் பாருங்கள். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு தொழிற்சாலை செத்து, அதன் பெயர் ஊர்க்காரர் நாக்கில் உயிரோடு இருப்பதைக் கேட்கிறபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்கள் பையனுக்கு அந்த ஒரு சொல் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்கின் கல்லறை இருக்கிறது. முகப்பில் டேனிஷ் அரசரின் முத்திரையைப் பார்க்கலாம். 36 வயதில் இறந்துபோன மனிதர். அம்மாவுக்கு நடப்பது சிரமம் என்றால் கவலை வேண்டாம். நகர வாயில், ஆலயம், கோட்டை, கோயில் எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்தே போகிற தூரத்தில் வந்துவிடும். வெயில் தணிந்ததும் மெதுவாக நடக்கலாம்.

மூன்றாம் நாள் கோடிக்கரை. வங்கக் கடலோரமாக வந்த கரை இங்கே முழங்கை மாதிரி மடங்கிப் பாக் நீரிணைப் பக்கம் திரும்புகிறது. வழியில் வேதாரண்யத்தில், 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த அகத்தியம்பள்ளியில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். இன்றும் சுற்றிலும் உப்பளங்கள்தான். சாலையோரம் உப்பு மலை மலையாகக் குவிந்து, மேலே ஓலை மூடிக் கிடக்கும்.

கோடிக்கரையில் சரணாலயத்தை எல்லோரும் சொல்வார்கள். வெளிமான்களும், குளிர்காலத்தில் பூநாரைகளும் உண்டு. காட்டுக்குள் அலையும் குதிரைகளும் உண்டு. ஒரு காலத்தில் மனிதர் வளர்த்தவை விட்டுப்போய்க் காட்டுக் குதிரைகளாகிவிட்டன. அங்கே எனக்குப் பிடித்தது ராமர் பாதம். தரைமட்டமான காட்டில் சின்ன மேடு. மேலே ஒரு மண்டபத்தில் கல்லில் இரண்டு பாதங்கள். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான். உயரம் என்றால் சில படிகள்தான், அம்மாவும் ஏறிவிடலாம். மேலே நின்றால் சுற்றிலும் பச்சைக் காடும் அதற்கப்பால் சேறும் தண்ணீரும் தெரியும். இவ்வளவு சின்ன மேட்டுக்கு இவ்வளவு பெரிய கதை எப்படி வந்தது என்பது அங்கே நின்றதும் புரிந்துவிடும். கரையில் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் பழைய கட்டடம் இருந்தது. சுனாமியில் விழுந்துவிட்டது.

அங்கிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாக மனோரா. சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தோப்புகள், மீன் காயும் வாடை, கரையில் சாய்ந்து கிடக்கும் படகுகள். இவற்றுக்கு நடுவே திடீரென்று எட்டு அடுக்கு அறுகோணக் கோபுரம் ஒன்று அகழியோடு நிற்கிறது. சுமார் 75 அடி உயரம். தஞ்சையின் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. எதற்காக? ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட! ஊருக்கே சரபேந்திரராசன்பட்டினம் என்று மன்னர் பெயர். 'மினார்' என்பதுதான் மக்கள் வாயில் மனோரா ஆகிவிட்டது.

பல இடங்களில், பாடப்புத்தகம் மாதிரி நம்பிக்கையோடு, "வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றதன் நினைவாக" என்று எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சுவரில் பதித்திருக்கும் கல்வெட்டை நிதானமாகப் படியுங்கள். பல மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலேயரின் நண்பரும் கூட்டாளியுமான மன்னர் சரபோஜி, ஆங்கிலப் படையின் வெற்றிகளையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பிய தூண் என்று சொல்லி 1814 என்று ஆண்டு போட்டிருக்கும். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். அப்படியென்றால் இந்தக் கல் சொல்வது 1814 ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்து எல்பாத் தீவுக்குப் போனதை. அவர் தீவிலிருந்து தப்பி வந்து மறுபடி படை திரட்டியது அடுத்த வருடம். ஒரு கல்லில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பார்த்தால் நூறு பேர் திருப்பித் திருப்பிச் சொன்ன தப்பு சரியாகிவிடுகிறது. பையனிடம் பதிலைச் சொல்லாதீர்கள். வாட்டர்லூ எந்த வருடம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டு, கல்லில் ஆண்டைத் தேடச் சொல்லுங்கள்.

சரபோஜியை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். 1799 ஒப்பந்தத்தில் நாட்டு நிர்வாகம் முழுவதும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அவரிடம் மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும். நாடில்லாத மன்னர், அந்த நாட்டை எடுத்துக்கொண்டவர்களின் வெற்றிக்குக் கோபுரம் கட்டியிருக்கிறார். அதே மன்னர்தான் சரசுவதி மகால் நூலகத்துக்கு உலகமெங்கும் இருந்து புத்தகம் வாங்கிச் சேர்த்தவர். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் கடலில் அலையே இருக்காது. ஏரி மாதிரி கிடக்கும். பாக் விரிகுடா அப்படித்தான். அடியில் கடற்புல் வளர்கிறது. அந்தப் புல்லைத் தின்று வாழ்வதுதான் கடற்பசு. மீனவர்கள் 'ஆவுளியா' என்பார்கள். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் முதலாவது இதுதான். கரையிலிருந்து ஆவுளியாவைப் பார்க்க முடியாது. ஆனால் அது மேயும் புல் கரையில் ஒதுங்கிக் கிடக்கும், நாடா மாதிரி. ஒன்றை எடுத்துப் பையன் கையில் கொடுங்கள். இரவு தங்கப் பட்டுக்கோட்டைக்குப் போய்விடுங்கள், பக்கம்தான்.

நாலாம் நாள் முழுக்கப் பயணம். தொண்டி, ராமநாதபுரம், தூத்துக்குடி வழியாகத் திருச்செந்தூர். ஐந்தாறு மணி நேரம் ஆகும். தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் சின்ன ஊர் இல்லை, கூட்டமும் அதிகம். ஆனாலும் தங்க வசதி அங்கேதான். அம்மாவுக்கு முருகன் தரிசனமும் ஆகும். கோயிலுக்குப் பக்கத்தில் நாழிக்கிணற்றை மட்டும் விடாதீர்கள். பெரிய கிணற்றுக்குள் இன்னொரு குட்டிக் கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தக் குட்டிக் கிணற்றில் நல்ல தண்ணீர்.

உப்புக் கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் என்ற இந்த அதிசயம் இந்தக் கரை முழுவதும் வந்துகொண்டே இருக்கும். மணலில் இறங்கும் மழைத் தண்ணீர், உப்புத் தண்ணீரைவிட லேசானதால் அதன் மேல் தனியாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டாமல் மேலாக எடுத்தால் இனிப்பு. பேராசைப்பட்டு ஆழமாகப் போட்டால் உப்பு. இந்த ஊர்க்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும்.

ஐந்தாம் நாள் காலையில் மணப்பாடு. குலசேகரன்பட்டினத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது இந்தக் குலசேகரன்பட்டினத்தில்தான். தசரா சமயம் என்றால் இந்த ஊரின் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காளி, குறவன், போலீஸ், குரங்கு என்று வேடம் கட்டி வட்டாரம் முழுக்கக் காணிக்கை கேட்டு வருவார்கள். அதைப் பார்க்கவென்றே தனியாக ஒரு முறை வரலாம். கூட்டம் வேண்டாம் என்கிற உங்களுக்கு அந்தப் பத்து நாள் ஒத்துவராது.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணற்குன்று. அதன் உச்சியில் திருச்சிலுவை ஆலயம், 1581-இல் கட்டியது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருமேனி ஆறு கடலில் சேரும் கழி. கீழே வரிசையாகப் படகுகள். ஊருக்குள் அந்தக் காலத்துப் பெரிய பெரிய மாடி வீடுகள். இந்தப் பரதவர் குடும்பங்களில் பலர் கொழும்பில் வியாபாரம் செய்தவர்கள். அந்தப் பணம் இங்கே வீடாக நிற்கிறது. பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

குன்றின் கடல் பார்த்த பக்கம் இறங்கினால் ஒரு குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கி ஜெபித்த இடம். அதற்கு முன்பு ஒரு சைவத் துறவி வாழ்ந்த குகை என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்த இடத்தில் பிடித்ததே அதுதான். ஒருவர் இருந்து தவம் செய்த இடத்திலேயே இன்னொருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரையும் ஊர் மறக்கவில்லை. உள்ளே குனிந்து போக வேண்டும். வெளியே அலைச் சத்தம் காதை அடைக்கும், உள்ளே நாலு அடி போனதும் சத்தம் வயிற்றில் அதிர்வது மாதிரி மாறிவிடும். மெழுகுவர்த்தி வாசம் இருக்கும். இங்கேயும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிப் பெருங்கூட்டம் வரும், அப்போது போகாதீர்கள். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். நான் ஒரு முறை என் அம்மாவை மே மாதம் பதினொரு மணிக்குக் கூட்டிப்போனேன். மணல் சுட்டுப் பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். தூக்காத குறையாகத் திரும்பக் கூட்டிவந்தேன். உங்கள் அம்மாவுக்கு அது நடக்கக் கூடாது.

ஊரில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடைகிறார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். வெளியே வரும்போது உடன்குடியில் கருப்பட்டி. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த கருப்பட்டி.

கடைசியாக உவரி. இங்கேதான் 'கப்பல் கோயில்'. கப்பல் மாதா ஆலயம் கப்பல் வடிவத்திலேயே கட்டியிருக்கிறது. கடலோரத்தில் நிற்பதால், தூரத்திலிருந்து பார்த்தால் கரை தட்டிய கப்பல் என்றே தோன்றும். கடலை நம்பிப் பிழைப்பவர்கள் தங்கள் தாய்க்குக் கப்பலையே வீடாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தோணியார் கோயிலும் இதே ஊரில்தான்.

கொஞ்ச தூரத்தில் சுயம்புலிங்கசுவாமி கோயில். இங்கே ஒரு நேர்த்திக்கடனைப் பார்க்கலாம். கடலில் இறங்கி ஈர மணலை ஓலைப் பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கொண்டுவந்து கரையில் கொட்டுகிறார்கள். மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு பெட்டி. பதினொன்று, நாற்பத்தொன்று என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வார்கள். தலையிலிருந்து மணல் தண்ணீர் கழுத்து வழியாக ஒழுகும். முதுகு முழுக்க மணல் ஒட்டியிருக்கும். யாரும் பேசுவதில்லை, உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். கொட்டியது அங்கேயே குவியலாக நிற்கும். தயவுசெய்து போனை நீட்டிப் படமெடுக்காதீர்கள். பையனுக்கு ஆசையென்றால் ஒரு பெட்டி மண் அவனும் சுமக்கட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அமாவாசை, விசேஷ நாட்களைத் தவிர்த்துவிட்டால் கூட்டம் இருக்காது.

எப்போது போவது? ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நல்ல மீன் கிடைப்பது கஷ்டம், துறைகளும் தூங்கி வழியும்.

அப்புறம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய ஊர். கோட்டை இப்போது புதரும் மேடும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மட்டும் இரண்டு எலும்புக்கூடுகள் இரு பக்கமும் கல்லில் நிற்கின்றன. நிலையாமையைச் சொல்ல வைத்தவை. பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு அது பழகிய வாசல். ஏரியில் படகில் போக யாராவது கூப்பிட்டால், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

உவரியிலிருந்து திரும்பும் நாளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் சென்னைவரை காரோட்ட நினைக்க வேண்டாம். அம்மாவுக்கு அலுப்பாக இருந்தால் திருநெல்வேலியில் இரவு ரயிலில் அவரையும் பையனையும் ஏற்றிவிட்டு, காரை மறுநாள் நிதானமாக ஓட்டி வாருங்கள். டிக்கெட்டை முன்பே போட்டுவிடுங்கள், அந்தத் தடத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது.